ஜிடிஜி லிமிட் எத்தனை வைப்பது? 5 வைத்து மாட்டிக்கொண்டோம்

ராத்திரி_ஷிப்ட் | சனி, இரவு 11:52

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் உட்கார்ந்து வெளிநாட்டு இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்றின் மெயின்ஃப்ரேம் பேட்ச் (ஆள் தலையிடாமல் தானாக ஓடும் ஜாப்கள்) பார்க்கும் குழுவில் இருக்கிறேன். பிரீமியம் பில்லிங் ஜாப் ஒன்று ஞாயிறு தவிர தினமும் ராத்திரி ஓடும். அதன் அவுட்புட் ஒரு ஜிடிஜி, அதாவது ஓட்டத்துக்கு ஒரு புது ஃபைல் (ஜெனரேஷன்) சேரும் தொகுப்பு. லிமிட் 5, அதைத் தாண்டினால் பழையது கழியும். ஏன் 5, யார் வைத்தது என்று கேட்டால் எவருக்கும் தெரியாது.

நடந்ததைச் சொல்கிறேன். வியாழன் ராத்திரி வந்த ஜி0412வி00 (412-ஆவது ஜெனரேஷன்) சுத்தமான ஃபைல். வெள்ளி மாலை ஒரு காப்பிபுக் (ஃபைலின் ஃபீல்டு விவரம்) மாற்றம் ப்ரொடக்ஷனுக்குப் போனது. அதில் ஒரு காம்ப்-3 (சுருக்கி வைத்த எண்) ஃபீல்டில் தசமப்புள்ளி இடம் மாறிவிட்டது. ஜாப் ரிட்டர்ன் கோட் 0-வுடன் சமர்த்தாக முடிந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வெள்ளி 413, சனி 414, இரண்டுமே தப்பு ஃபைல். திங்கள் ராத்திரி முதல் ஸ்டெப் 415-ஐ உருவாக்கி கேட்டலாக் செய்த (சிஸ்டத்தின் ஃபைல் பதிவேட்டில் ஏற்றிய) பிறகு, பின்னால் இருந்த ஸ்டெப் இடம் போதாமல் எஸ்பி37-இல் விழுந்தது. ஆன்காலில் இருந்தவர் முதலிலிருந்து ஓடவிட்டார், 416. மறுபடி விழுந்தது. ஸ்பேஸைக் கூட்டி மூன்றாம் முறை ஓடவிட்டார், 417. செவ்வாய் 418.

புதன் காலை வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து "எனக்கு ஏன் இவ்வளவு பில்?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஃபைல் பட்டியல் காட்டும் 3.4 திரையில் போய்ப் பார்த்தால் 414 முதல் 418 வரை இருக்கிறது. எங்களுக்கு வேண்டிய 412, திங்கள் ராத்திரி 417 உள்ளே வந்தபோதே வெளியே போய்விட்டது. அந்த இரண்டு ரீரன் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் புதன் காலையில் 412 கையில் இருந்திருக்கும்! மாஸ்டர் ஃபைலின் பேக்கப்பை எடுத்து எல்லாவற்றையும் திரும்பக் கட்ட இரண்டு நாள் ஆனது.

இப்போது எங்கள் லீட், "எல்லா ஜிடிஜியையும் 255 ஆக்கிவிடலாம்" என்கிறார். ஸ்டோரேஜ் குழு பேச்சையே எடுக்கவிடவில்லை. நீங்கள் எல்லாம் இந்த எண்ணை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

முப்பதுபோதும் | ஞாயிறு, காலை 7:10

எங்கள் இடத்தில் எல்லாவற்றுக்கும் 30. இதுவரை பிரச்சினை இல்லை.

பழைய_பஞ்சாங்கம் | ஞாயிறு, காலை 9:35

முப்பதுபோதும் அவர்களே, மணிக்கொரு முறை ஓடும் ஜாப் ஒன்று உங்களிடம் இருந்தால் அந்த 30 என்பது ஒரு நாள் ஆறு மணி நேரம். மாதம் ஒருமுறை ஓடும் ஜாப்பில் அதே 30 இரண்டரை வருஷம். லிமிட் நாள் கணக்கு இல்லை, ஓட்டக் கணக்கு. முதலில் இது தலையில் ஏற வேண்டும்.

ராத்திரி ஷிப்ட் தம்பி, உங்கள் கதையிலேயே விடை இருக்கிறது. "ஐந்து வைத்தால் ஐந்து நாள் இருக்கும்" என்று எவரோ நினைத்திருக்கிறார். ரீரனும் ஒரு ஓட்டம்தான், அதுவும் ஒரு இடத்தைச் சாப்பிடும் என்பதை அவர் யோசிக்கவில்லை. இந்த ஏற்பாடு ஐபிஎம்மின் பழைய ஓஎஸ்/360 காலத்தது. அப்போது, இன்று ஜிடிஜி டிஃபைன் செய்யும் ஐடிகேம்ஸ் கிடையாது. ஐஇஎச்ப்ரோகிராமில் பிஎல்டிஜி என்று கொடுத்து, என்ட்ரீஸ் எத்தனை என்று சொல்லி இண்டெக்ஸ் கட்டுவோம். பழக்கம் அதற்கும் முந்தையது. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று டேப்பைச் சுற்றில் விடுவது. மகன் கெட்டால் அப்பாவை வைத்து மறுபடி உருவாக்கலாம், அப்பாவும் கெட்டிருந்தால் தாத்தா. தப்பு மறுநாளே தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் அந்த மூன்று.

ஆகவே நான் கேட்கும் முதல் கேள்வி டிஸ்க் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல. இந்த ஃபைல் தப்பாக இருந்தால், அது தப்பு என்று யார், எத்தனை நாள் கழித்துச் சொல்வார்? அடுத்த ஸ்டெப்பே எஸ்0சி7-இல் (எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை) விழுந்து சொல்லிவிடும் என்றால் 3 கூடப் போதும். காலையில் பேலன்ஸ் பார்க்கும் அம்மா சொல்வார் என்றால் 7, 8 வைக்கலாம். பில் தபாலில் போய்ச் சேர்ந்து வாடிக்கையாளர் பிரித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றால் ஒரு மாதத்துக்குக் குறைந்து வைக்கக் கூடாது. உங்களுக்கு ஒருவர் ஐந்தே நாளில் போன் செய்தது அதிர்ஷ்டம். அந்த நாட்களை ஓட்டங்களாக மாற்றி, வழக்கமாக ஆகும் ரீரனையும் அதன்மேல் சேர்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அலுவலகத்தில் ஆளே இல்லாத ஊரென்றால் அந்த வாரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். பேட்ச்சுக்கு லீவு கிடையாது, பார்க்கிறவருக்குத்தான் லீவு.

டிஸ்க்_காவலர் | ஞாயிறு, மதியம் 12:20

ஸ்டோரேஜ்காரன் பேசுகிறேன், கல்லெறிய வேண்டாம்.

255 என்றதும் உங்கள் ஸ்டோரேஜ் குழு ஏன் முகத்தைத் திருப்பினார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு ஃபைல் 400 சிலிண்டர் என்று வைத்துக்கொள்வோம். 3390 வகை டிஸ்கில் ஒரு டிராக் 56,664 பைட், 15 டிராக் ஒரு சிலிண்டர், ஆக சிலிண்டருக்கு 8,49,960 பைட். 255 ஜெனரேஷன் என்றால் 1,02,000 சிலிண்டர், 86 ஜிபிக்கு மேல். 3390 மாடல் 9 வால்யூம் ஒன்றில் 10,017 சிலிண்டர். அதாவது ஒரே ஒரு ஜிடிஜிக்குப் பத்து வால்யூமுக்கு மேல். உங்கள் லீட் "எல்லா ஜிடிஜியும்" என்கிறார்.

ஆனால் எல்லா ஜெனரேஷனும் டிஸ்கிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எஸ்எம்எஸ் (ஸ்டோரேஜைத் தானே நிர்வகிக்கும் அமைப்பு) மேனேஜ்மென்ட் கிளாஸில் பிரைமரியில், அதாவது டிஸ்கில், எத்தனை ஜிடிஜி எலிமென்ட் இருக்கலாம் என்று ஒரு எண் உண்டு. 3 என்று வைத்தால் புதிய மூன்று டிஸ்கில் இருக்கும். மற்றவை மைக்ரேட் ஆக எச்எஸ்எம் (பழைய ஃபைலை நகர்த்தும் மென்பொருள்) முன்னுரிமை கொடுக்கும், எம்எல்2 என்ற மலிவான சேமிப்புக்குப் போய்விடும். 3.4-இல் வால்யூம் இருக்கும் இடத்தில் மைக்ராட் என்று காட்டும், அவ்வளவுதான். எனக்கு 30-ஓ 40-ஓ பிரச்சினையே இல்லை. காரணம் சொல்லாமல் 255 கேட்பதுதான் பிரச்சினை.

இன்னொன்று. 255 இப்போது உச்சமும் இல்லை. மெயின்ஃப்ரேம் சிஸ்டமான இசட்ஓஎஸ் 2.2 முதல் எக்ஸ்டெண்டட் ஜிடிஜியில் 999 வரை போகலாம். தயவுசெய்து இதை உங்கள் லீடிடம் சொல்லாதீர்கள்.

ராத்திரி_ஷிப்ட் | ஞாயிறு, மதியம் 12:41

ஹாஹா. சொல்லமாட்டேன் சார்.

சில ஜிடிஜி டேப்பில் இருக்கிறது. அதற்கும் இதே கணக்குதானா?

டிஸ்க்_காவலர் | ஞாயிறு, மதியம் 1:05

எண் எப்படி வருகிறது என்பது அதேதான், விளைவு வேறு. எக்ஸ்பிடிடி (காலாவதித் தேதி) 99000 என்று போட்டிருக்கிறார்களா பாருங்கள். அப்படியென்றால் கேட்டலாக்கில் இருக்கும்வரை டேப்பை வைத்திரு என்று அர்த்தம். லிமிட் தாண்டிக் கேட்டலாக்கை விட்டுப் போன உடனே அந்த டேப் ஸ்கிராட்ச் (மறுபடி எழுதக்கூடிய டேப்) பட்டியலுக்குத் தயார். அங்கே நோஸ்கிராட்ச் என்று டிஃபைன் செய்திருந்தாலும் காப்பாற்றாது. ஸ்கிராட்ச், நோஸ்கிராட்ச் எல்லாம் டிஸ்கின் விடிஓசியில் (அதன் உள்ளடக்கப் பட்டியல்) இருப்பதை அழிப்பதா விடுவதா என்ற விஷயம். டேப்புக்கு விடிஓசி ஏது?

எம்ப்டி_பார்த்தவள் | ஞாயிறு, மாலை 4:48

லிமிட்டைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், பக்கத்தில் இருக்கும் வார்த்தையைப் படித்தீர்களா?

முன்பு வேலை பார்த்த இடத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பழைய மெம்பரைக் காப்பியடித்து ஒரு ஜிடிஜி டிஃபைன் செய்தான். லிமிட் 20. தாராளம். நானே அப்ரூவ் செய்தேன். அந்தப் பழைய மெம்பரில் எம்ப்டி, ஸ்கிராட்ச் என்று இருந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. இருபது நாள் அழகாக ஏறியது. இருபத்தொன்றாவது வந்தது, இருபதும் ஒரே மூச்சில் போயிற்று. நோஎம்ப்டி என்றால் பழையது ஒன்றுதான் கழியும், எம்ப்டி என்றால் வீட்டையே காலி செய்துவிடும். மறுநாள் காலை (-1)-ஐ, அதாவது கடைசிக்கு முந்தையதை, படிக்க வந்த ஜாப் ஜேசிஎல் (ஜாப் கட்டளை மொழி) எரரில் நின்றது.

அன்றிலிருந்து எந்த ஜிடிஜியைப் பார்த்தாலும் முதல் வேலையாக லிஸ்ட்கேட் (கேட்டலாக்கைக் காட்டும் கட்டளை) போட்டு ஆல் கொடுத்து, லிமிட்டுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பேன். லிமிட் 5, நோஎம்ப்டி என்பது லிமிட் 100, எம்ப்டி என்பதைவிட எவ்வளவோ பத்திரம்.

கணக்கன் | திங்கள், காலை 8:15

மாதாந்திர ஃபைல்களுக்கு 12 வைக்கும் பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம், ஆகவே 12. இந்த மாதத்தைப் போன வருஷத்தின் இதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும் என்றால் இரண்டும் ஒரே சமயத்தில் இருக்க வேண்டும். விரல் விட்டு எண்ணுங்கள், 13 வரும். 12 வைத்தால் இந்த மார்ச் உள்ளே வரும்போது போன மார்ச் வெளியே போகும்.

அப்புறம், ஆடிட். நான் வங்கிப் பக்கம் இருப்பவன், இங்கே பலர் "ஏழு வருஷம் வைக்க வேண்டும், அதனால் மாத ஜிடிஜிக்கு லிமிட் 84" என்று போட்டு நிம்மதியாக இருப்பார்கள். இது சுத்த ஆபத்து. இந்தியாவில் 2013-ஆம் வருஷக் கம்பெனிகள் சட்டம் 128-ஆம் பிரிவு கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுக்குக் குறையாமல் வைக்கச் சொல்கிறது. அமெரிக்காவில் புரோக்கர்-டீலர்களுக்கு எஸ்இசி விதி 17ஏ-4 சில பதிவுகளை ஆறு வருஷம் வைக்கச் சொல்கிறது. சட்டம் பேசுவது வருஷத்தில், லிமிட் பேசுவது எண்ணிக்கையில். ஒரு மாதம் நான்கு முறை ரீரன் ஆனால் நான்கு மாதக் கணக்கு முன்கூட்டியே கழிந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு ரீரன் கொடுப்பவர் தான் ஒரு சட்டத்தை மீறுகிறோம் என்று அறிவாரா?

சட்டத்துக்காக வைக்க வேண்டியதைத் தேதி போட்ட தனிப் பெயரில் காப்பி எடுத்து, காலாவதி சொன்ன மேனேஜ்மென்ட் கிளாஸில் போடுங்கள். ஜிடிஜி என்பது வேலை மேஜை. பீரோ இல்லை.

சோர்ஸ்_பையன் | திங்கள், காலை 10:02

நடுவே ஒரு சந்தேகம். பிடிஎஸ்இ-யில் (பல மெம்பர் கொண்ட லைப்ரரி ஃபைல்) மெம்பருக்கே ஜெனரேஷன் வைக்கலாமே, மேக்ஸ்ஜென்ஸ். அதற்கும் இதே மாதிரி கணக்கா?

டிஸ்க்_காவலர் | திங்கள், காலை 10:30

அது பிடிஎஸ்இ வெர்ஷன் 2, சோர்ஸையும் ஜேசிஎல்லையும் எடிட் செய்யும்போது பழையதைக் காப்பது. தனி இழை போடுங்கள், வருகிறேன்.

ராத்திரி_ஷிப்ட் | திங்கள், இரவு 10:15

பஞ்சாங்கம் சார் சொன்னபடி கணக்குப் போட்டேன். பில் மாதம் ஒருமுறை போகிறது. தப்பு தெரிய அதிகபட்சம் 31 நாள் என்று வைத்தால், வாரம் ஆறு ஓட்டம், 27 வருகிறது. போன வருஷ ஷெட்யூலர் பதிவில் மோசமான மாதத்தில் 6 ரீரன். கொஞ்சம் கைக்காவலாகச் சேர்த்து 35. ஸ்டோரேஜ் குழுவிடம் "மூன்று டிஸ்கில், மிச்சம் எம்எல்2" என்று கேட்டேன், ஐந்து நிமிஷத்தில் சம்மதம். போன வாரம் 255 கேட்டபோது மூன்று மீட்டிங் நடந்தது.

ஆல்டர் கட்டளை கொடுத்து லிமிட்டை 35 ஆக்கினால் போதும்தானே? வேறு கண்ணி ஏதாவது இருக்கிறதா?

டிஸ்க்_காவலர் | திங்கள், இரவு 10:50

ஏற்றுவது சுலபம். ஏற்றிய பிறகு, ஏற்கெனவே ரோல்-ஆஃப் ஆனவை (லிமிட் தாண்டிக் கழிந்தவை) தானாகத் திரும்பி வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எஸ்எம்எஸ் ஃபைல் நோஸ்கிராட்ச்சில் கழிந்து இன்னும் கிடக்கிறது என்றால் ஒவ்வொன்றாக ஆல்டர் ரோலின் கொடுத்து உள்ளே இழுக்கலாம்.

இறக்குவதில்தான் பயம். ஒருமுறை டிஸ்க் நெருக்கடியில் நானே 30-ஐ 10 ஆக்கினேன். அடுத்த ஓட்டத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும் என்று என் மனக்கணக்கு. எண்டர் தட்டிய அடுத்த நொடி ஐடிகேம்ஸ் அவுட்புட்டில் இருபது பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே டெலிட்டட். ஸ்கிராட்ச் ஜிடிஜி. எச்எஸ்எம் பேக்கப் இருக்குமே என்று ரெகவர் பண்ணப் போனால், அந்த மேனேஜ்மென்ட் கிளாஸுக்கு ஆட்டோ பேக்கப் கிடையாது. "ஜிடிஜிதானே, பழைய ஜெனரேஷன்தான் அதன் பேக்கப்" என்று எழுதி வைத்த புண்ணியவானும் நானே.

எம்ப்டி_பார்த்தவள் | செவ்வாய், காலை 6:40

தம்பி, ஏற்றுவதும் அவ்வளவு சுலபம் இல்லை. அந்த ஜிடிஜியை யார் யார் படிக்கிறார்கள் என்று தேடினாயா? குறிப்பாக, (0) கடைசியாக வந்தது, (-1) அதற்கு முந்தையது என்று அடைப்புக்குறி போடாமல் வெறும் பேஸ் பெயரை மட்டும் கொடுத்துப் படிக்கும் ஜாப்.

அப்படிக் கொடுத்தால் இருக்கிற எல்லா ஜெனரேஷனும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து, புதியது முதலில், ஒரே ஃபைல் போல உள்ளே வரும். பலர் இதை வேண்டுமென்றே செய்வார்கள். தினசரி ஃபைல், லிமிட் 6, வாரக் கடைசி ஜாப் பேஸ் பெயரைப் படிக்கும். ஆறு நாள் கணக்கும் கையில். அங்கே அந்த 6 பத்திரத்துக்காக வைத்த எண்ணே இல்லை, புரோகிராமின் லாஜிக். நீ நல்லெண்ணத்தில் 35 ஆக்கினால் வார அறிக்கையில் ஒன்றரை மாதக் கணக்கு வரும். ரிட்டர்ன் கோட் 0 தான் வரும். எம்எல்2-இல் இருக்கும் முப்பத்திரண்டையும் ரீகால் செய்ய அந்த ஜாப் காத்துக் கிடக்கும், அது வேறு.

தேடல் திரையான 3.14-இல் ப்ரொடக்ஷன் ப்ராக், ஜேசிஎல், கன்ட்ரோல் கார்டு லைப்ரரி எல்லாவற்றையும் தேடு. ஷெட்யூலரில் இருக்கும் ஓவர்ரைடையும் விடாதே.

ராத்திரி_ஷிப்ட் | வியாழன், இரவு 11:30

அக்கா, உங்களுக்கு ஒரு கும்பிடு.

பில்லிங் ஜிடிஜியைப் பேஸ் பெயரில் படிப்பவர் யாரும் இல்லை. அதை நேற்று 35 ஆக்கிவிட்டோம். ஆனால் தேடும்போது அடுத்த வரிசையில் இருந்த பிரீமியம் வசூல் ஜிடிஜி கண்ணில் பட்டது. லிமிட் 6. சனி ராத்திரி ஓடும் வாராந்திர ஜாப் டிஎஃப்சார்ட்டில் (வரிசைப்படுத்தும் புரோகிராம்) வெறும் பேஸ் பெயரைக் கொடுத்துப் படிக்கிறது. நீங்கள் சொன்னது அப்படியே. இதையும் 35 ஆக்கும் திட்டம் பட்டியலில் இருந்தது!

சரி, அதைத் தொடாமல் விடலாம் என்று மூடப் போனேன். அப்போது ஒன்று உறைத்தது. வாரத்தின் நடுவே ஒரு ரீரன் நடந்தால்? புதன் ஃபைல் இரண்டு முறை கேட்டலாக் ஆகும். மொத்தம் ஏழு. லிமிட் 6. திங்கள் வெளியே போகும். வார அறிக்கையில் புதன் வசூல் இரண்டு முறை, திங்கள் வசூல் இல்லவே இல்லை. ஆறு ஃபைல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தாலும் ஆறு இருக்கும்.

பழைய_பஞ்சாங்கம் | வெள்ளி, காலை 5:55

அடப்பாவமே.

இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, ரீரன் குறிப்பில் "முதலிலிருந்து ஓட்டுவதாக இருந்தால் அந்த ராத்திரி உருவான ஜெனரேஷனை முதலில் டெலிட் செய்" என்று எழுதுங்கள். 415-ஐ அழித்துவிட்டு ஓட்டினால் (+1), அதாவது அடுத்த புதியது, மறுபடி 415 ஆகவே வரும், எந்த இடமும் வீணாகாது. ஆராய்ச்சிக்கு வேண்டுமென்றால் வேறு பெயரில் காப்பி எடுத்துக்கொண்டு அழியுங்கள். நடு ஸ்டெப்பிலிருந்து ரீஸ்டார்ட் என்றால் டெலிட் வேண்டாம், அங்கே (+1)-ஐ (0) ஆக்க மறக்காதீர்கள். புது ஜாப்புக்கு 415 ஏற்கெனவே கேட்டலாக்கில் இருக்கும் (0) தான்.

இரண்டு, வாராந்திர ஜாப் ஜெனரேஷனை எண்ணி நாளைத் தீர்மானிக்கக் கூடாது. ஹெடரில் ரன் தேதி இருந்தால், ஒரே தேதி இரண்டு ஃபைலில் வந்தாலோ ஒரு தேதி வராமல் போனாலோ ஜாப்பே நிற்கும்படி ஒரு ஸ்டெப் வையுங்கள். அதன் பிறகு லிமிட்டை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம்.

ராத்திரி_ஷிப்ட் | செவ்வாய், இரவு 9:20

இரண்டும் மாற்றத்துக்குப் போட்டாயிற்று. வாடிக்கையாளர் தரப்பிடமும் சொன்னோம். அவர்கள் கேட்ட முதல் கேள்வி: "இதுவரை எத்தனை வாரம் இப்படித் தப்பாகப் போயிருக்கிறது?"

பதில் சொல்லத் தினசரி ஃபைல்கள் வேண்டும். எங்கே போவது, லிமிட் 6 அல்லவா.

டிஸ்க்_காவலர் | செவ்வாய், இரவு 9:48

ஃபைல் இல்லாவிட்டால் என்ன, எஸ்எம்எஃப் (சிஸ்டம் தானே எழுதி வைக்கும் நடவடிக்கைப் பதிவு) இருக்கிறதே. டைப் 30-இல் அந்த ஜாப் எந்த ராத்திரி எத்தனை முறை ஓடியது என்று வரும். டைப் 61, 65-இல் எந்த ஜெனரேஷன் எப்போது கேட்டலாக்கில் ஏறியது, எப்போது போனது என்று பார்க்கலாம். எவ்வளவு நாள் எஸ்எம்எஃப் வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் சிஸ்டம்ஸ் குழுவைக் கேளுங்கள்.

ராத்திரி_ஷிப்ட் | புதன், இரவு 11:05

கேட்டேன் சார். எஸ்எம்எஃப் டம்ப் தினம் ஒன்று டேப் ஜிடிஜிக்குப் போகிறது. லிமிட் 255. எட்டு மாதம் சொச்சம் கையில் இருக்கிறது. பின்னாலிருந்து தேடிக்கொண்டு வருகிறோம், இதுவரை மூன்று வாரம் மாட்டியிருக்கிறது.

லீட் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். 255-ஐப் பார்த்ததிலிருந்து சிரிப்பை நிறுத்தவில்லை.